இரண்டு முறை வெந்த குளுக்கோஸ்

நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் இருக்கிறது. குளுக்கோஸ் பாட்டிலில் வைட்டமின் மருந்து கலந்து ஏற்றச் சொல்லி டாக்டர் எழுதியிருந்தால், நர்ஸ் அதைத் தன் மேசையிலேயே கலந்து எடுத்து வரக் கூடாது. வெள்ளை பாட்டிலைக் கட்டிலுக்குக் கொண்டுவர வேண்டும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கூட இருக்கும் சொந்தக்காரரிடம் காட்ட வேண்டும். அவர் பார்த்துத் தலையாட்டிய பிறகு, அவர் கண் முன்னால் மருந்தைச் செலுத்த வேண்டும். பாட்டில் மஞ்சளாவதை அவர் பார்க்க வேண்டும்.

புதிதாகச் சேர்ந்த நர்சிங் பிள்ளைகளிடம் பேசுவதற்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்றவர்களைப் பிடித்து உட்கார வைத்துப் பேசச் சொல்வது இப்போது ஒரு வாடிக்கை. டீ, பிஸ்கட், கடைசியில் ஒரு சால்வை. பேசி முடித்ததும் பின்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்தாள். "மேடம், வார்டு நிறைய ஆளுங்க இருக்கறப்ப ஒவ்வொருத்தருக்கும் காட்டிக் காட்டிக் கலக்கணும்னா எப்படிங்க முடியும்? வேற எங்கயும் இப்படி இல்லீங்களே" என்றாள்.

கேள்வி நியாயமானது. பதிலைத்தான் என்னால் அங்கே சொல்ல முடியவில்லை. "அது ரூல்ம்மா, செஞ்சுதான் ஆகணும்" என்று வாயை அடைத்துவிட்டு சால்வையோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்தப் பிள்ளைக்குச் சொல்லாமல் விட்டதை, சில பெயர்களை மாற்றி, இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் கௌரி. ஊர் காரிமங்கலம் பக்கம். பள்ளிப் படிப்பு முடிந்து, மேலே படிக்க வழியில்லாமல் இருந்தபோது, அரூருக்கு அந்தப் பக்கம் மலையடிவாரத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் தர்ம ஆஸ்பத்திரியில் பெண்கள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். அப்போதெல்லாம் குளுக்கோஸ் வெளியிலிருந்து வருவதில்லை. ஆஸ்பத்திரியின் பின்கட்டில் எங்களுக்கென்று ஓர் அறை, ஒரு பாய்லர், தண்ணீரைக் காய்ச்சி வடிக்கும் கருவி, ஆட்டோகிளேவ் என்று நாங்கள் சொல்லும் பெரிய இரும்பு அடுப்பு ஆகியவை இருந்தன. கண்ணாடி பாட்டில்களைக் கழுவி, குளுக்கோஸைக் கரைத்து நிரப்பி, ரப்பர் மூடி போட்டு, அலுமினியத் தகடால் இறுக்கி, அடுப்பில் வைத்து நீராவியில் வேகவைப்போம். கழுவுகிற வேலையில் சேர்ந்தேன். கொஞ்ச வருஷத்தில் பார்வை மேசைக்கு வந்துவிட்டேன். அந்த அறையை மூடும்வரை அங்கேதான் இருந்தேன். பிறகு மருந்துக் கிடங்கு, பிறகு ஓய்வு.

பார்வை மேசை என்றால் ஒரு மரப்பெட்டி. உள்ளே ஒரு குழல்விளக்கு. பின்பக்கத்தில் பாதி கறுப்புப் பலகை, பாதி வெள்ளைப் பலகை. வெந்து ஆறிய பாட்டிலைக் கழுத்தில் பிடித்து மெதுவாகத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். வேகமாகத் திருப்பினால் குமிழி வரும். குமிழிக்கும் தூசிக்கும் வித்தியாசம் தெரியாது. முதலில் கறுப்புக்கு முன்னால் பிடித்தால் பஞ்சு, நூல், கண்ணாடித் துகள் மிதப்பது தெரியும். பிறகு வெள்ளைக்கு முன்னால். அங்கே பார்ப்பது நிறம்.

இந்த அறைக்குத் தலைவர் ஞானப்பிரகாசம் சார். வேதியியல் படித்தவர். எங்கள் மேசைக்குப் பின்னால் வந்து நிற்பது எங்களுக்குத் தெரியவே தெரியாது. நாங்கள் ஒரு பாட்டிலைச் சரியென்று தள்ளியிருப்போம். அவர் கை நீண்டு வந்து அதை எடுத்துத் திரும்ப எங்கள் முன்னால் வைக்கும். ஒரு வார்த்தை பேச மாட்டார். மறுபடி பார்த்தால் அடியில் ஒரு இழை சுற்றிக்கொண்டிருக்கும். திட்டியிருந்தால்கூட ஒரு பாட்டம் அழுதுவிட்டு மறந்திருப்போம். பாட்டில் கழுவும் பெண்களைக்கூட வாங்க போங்க என்றுதான் பேசுவார். தன் வேட்டியில் ஒரு கறை இருந்து நான் பார்த்ததில்லை. அவரிடம் பயம் என்று சொல்ல முடியாது. அவர் முன்னால் தப்பு செய்ய வெட்கமாக இருக்கும்.

சர்க்கரையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் சொல்லிக் கொடுத்ததுதான். கிருமி சாக வேண்டுமானால் நூற்றிருபத்தொரு டிகிரி சூடு, அதுவும் குறிப்பிட்ட நேரம் நிற்க வேண்டும். ஆனால் அந்தச் சூட்டில் குளுக்கோஸ் உடைய ஆரம்பித்துவிடும். உடைந்து வருகிற பொருளுக்கு ஹைட்ராக்ஸி மெத்தில் ஃபர்ஃப்யூரல் என்று ஒரு பெயர் சொல்வார். நாங்கள் அதைச் சொல்லிப் பார்த்துச் சிரிப்போம். அது மேலும் உடைந்தால் அமிலமாகும், தண்ணீர் புளிக்கும், கூடவே மஞ்சள் நிறம் ஏறும். அந்தத் தண்ணீரை ஏற்றினால் கை நரம்பு வீங்கிச் சிவந்துபோகும். வேகாவிட்டால் கிருமி, அதிகம் வெந்தால் மஞ்சள். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கொஞ்ச இடத்தில்தான் எங்கள் பிழைப்பு நடந்தது.

வேக வைப்பதைவிட ஆற வைப்பது கஷ்டம். அடுப்பை அப்படியே விட்டால் நடுவில் இருக்கும் பாட்டில்கள் வெகுநேரம் சூட்டிலேயே கிடந்து மஞ்சளாகும். அவசரப்பட்டுத் தண்ணீர் தெளித்தால் கண்ணாடி வெடிக்கும். சார் காதை அடுப்புக் கதவுப் பக்கம் வைத்துக்கொண்டு, முதலில் வெந்நீர், பிறகு வெதுவெதுப்பு, பிறகு பச்சைத் தண்ணீர் என்று குழாயைத் திருகுவார். அந்த நேரத்தில் யாரும் அவரிடம் பேச மாட்டோம்.

அவரிடம் மாறாத சட்டம் ஒன்று இருந்தது. ஒரு முறை அடுப்பு ஏறிய பாட்டிலை இரண்டாம் முறை ஏற்றக் கூடாது. பாதியில் கரன்ட் போய் வேக்காடு நின்றுபோனால் அடுப்பில் ஏற்றிய அந்த பாட்டில் சுமை மொத்தமும் குப்பை. பின்பக்கம் குழி வெட்டி வைத்திருந்தோம். அவரே போய் ஒவ்வொன்றாக உடைத்துவிட்டு வருவார். "ரெண்டு வேக்காடு ஆகாதுங்க" என்பார். அவ்வளவுதான் விளக்கம். ஆஸ்பத்திரியை நடத்திய மதர் சன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்.

அந்தக் கோடை வந்தது. ஏரியும் கிணறும் வற்றி, கிடைத்த தண்ணீரைக் குடித்த ஊர்களிலெல்லாம் வாந்தியும் வயிற்றுப்போக்கும் பரவியது. மலையிலிருந்து தூளி கட்டித் தூக்கி வந்தார்கள். டிராக்டரில் வந்தார்கள். கட்டில் தீர்ந்து, வராந்தாவில் பாய் போட்டு, அதுவும் தீர்ந்து, வேப்பமரத்தடியில் பாட்டிலைக் கிளையில் தொங்கவிட்டு ஏற்றினார்கள். நாங்கள் செய்துகொடுத்தது போய்ச் சேர்வதற்குள் தீர்ந்தது. அந்த நேரம் பார்த்து பாய்லர் பம்பு உடைந்தது. அடுப்பில் ஒரு முழுச் சுமை இருந்தது. சூடு ஏறிக்கொண்டிருக்கும்போதே நின்றுபோனது.

சேலத்திலிருந்து மெக்கானிக் வருவதற்கு இரண்டு நாளுக்கு மேல் ஆகிவிட்டது. அந்த பாட்டில்கள் அரைச் சூட்டில் அடுப்புக்குள்ளேயே கிடந்தன. பாய்லர் ஓடத் தொடங்கியதும் அவற்றை வெளியே எடுத்துக் குழிக்குக் கொண்டுபோகத்தான் சார் சொன்னார். நானும் இன்னொரு பெண்ணும் தட்டுகளை இழுத்துக்கொண்டிருந்தோம். வாசலில் மதர் வந்து நின்றார்.

"ஞானப்பிரகாசம், அதை உடைக்காதீங்க. திருப்பி வையுங்க."

"வேண்டாம் மதர்."

"புதுசு எப்ப கிடைக்கும்?"

"தண்ணி வடிக்கணும். நாளைக்குச் சாயங்காலம் ஆயிடும்."

"தருமபுரியில எந்தக் கடையிலயும் ஸ்டாக் இல்ல. இன்னிக்கு ரெண்டு குழந்தை போயிடுச்சு. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் மத்தவங்க உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு இருக்கச் சொல்லவா?"

சார் தட்டிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். என் மேசைக்கு வந்து, என்னை எழுந்திருக்கச் சொல்லாமல் பக்கத்தில் குனிந்து நின்று, கறுப்புக்கு முன்னால் திருப்பினார். வெள்ளைக்கு முன்னால் திருப்பினார். அப்படியே அத்தனை பாட்டிலையும் பார்த்தார். ஒன்றிலும் கலங்கல் இல்லை, பாசி இல்லை, இழை இல்லை. கண்ணுக்குத் தெரிந்து எந்தக் கெடுதலும் இல்லை. கண்ணை நம்பி வாழ்ந்த மனுஷன் அவர். நாங்களும்தான்.

"ஏத்துங்க" என்றார்.

இரண்டாம் முறை வெந்து வந்தபோது அவை வைக்கோல் நிறத்தில் இருந்தன. சார் தன் பெட்டியிலிருந்து ஒரு சிவப்பு நூல்கண்டை எடுத்து வந்து, ஒவ்வொரு பாட்டில் கழுத்திலும் ஒரு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டார். மற்ற பாட்டிலோடு கலந்துவிடக் கூடாது என்பதற்காக. வார்டுக்கு அவரே கொண்டுபோய், அலமாரியின் மேல் தட்டில் தனியாக அடுக்கி, தலைமை நர்சிடம் சொன்னார்: "வெள்ளை எல்லாம் தீர்ந்து, வேற வழியே இல்லைன்னா மட்டும் இதை எடுங்க. கடைசியா."

நடந்தது என்னவென்றால், அவற்றில் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. இருந்த வெள்ளை பாட்டில்களை இழுத்துப் பிடித்து ஓட்டிவிட்டார்கள். வாய்வழியாகக் குடிக்க முடிந்தவர்களுக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் கொடுத்துச் சமாளித்தார்கள். மறுநாள் சொன்ன நேரத்துக்குப் புது பாட்டில்கள் போய்விட்டன. கூட்டமும் கொஞ்சம் குறைந்தது. சிவப்பு நூல் பாட்டில்களைத் திருப்பி அனுப்பச் சொல்லி சார் ஆள் அனுப்பினார். இன்னும் ஒரு நாள் இருக்கட்டும், எதற்கும் ஆகும் என்று வார்டில் சொல்லிவிட்டார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. அந்த வாரம் பார்த்ததைப் பார்த்த எவரும் கையிலிருக்கும் பாட்டிலைத் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அரூர் கடைவீதி கிளினிக்குகளில் காசு கொடுக்கிறவர்களுக்கு வைட்டமின் கலந்து மஞ்சள் பாட்டில் ஏற்றுவார்கள். சத்து பாட்டில் என்று அதற்குப் பெயர். வயலில் வேலை செய்து உடம்பு அசந்துபோனால், ஒரு மஞ்சள் பாட்டில் போட்டுக்கொண்டால் தெம்பு வந்துவிடும் என்று எங்கள் பக்கத்தில் எல்லாரும் சொல்வார்கள். எங்களுடையது தர்ம ஆஸ்பத்திரி, அந்தக் காலத்தில் வெள்ளை மட்டும்தான் போடுவோம். அதைத் தண்ணி பாட்டில் என்பார்கள். பின்கட்டில் இருந்த எங்களுக்கு மஞ்சள் என்றால் கழிவு. வார்டில் படுத்திருந்தவர்களுக்கு மஞ்சள் என்றால் சத்து. இத்தனை வருஷம் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்தும் இது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. போதாததற்குத் தனித் தட்டு. கழுத்தில் சிவப்புக் கயிறு. பூசாரி மந்திரித்துக் குழந்தை கையில் கட்டுகிற அதே கயிறு.

சித்தேரி மலையிலிருந்து தீர்த்தகிரி என்று ஒருவர் தன் மனைவியைப் பிரசவத்துக்குக் கூட்டி வந்திருந்தார். சாமையும் ராகியும் விதைத்து, கடுக்காய் பொறுக்கி விற்றுப் பிழைக்கிற குடும்பம். மனைவி பெயர் பொன்னி. பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்திருந்தது. பொன்னிக்கு ரத்தம் கொஞ்சம் அதிகம் போய் உடம்பு அசந்திருந்தது, அவ்வளவுதான். ஒரு வெள்ளை பாட்டில் போட்டு, இன்னும் ஒன்று போடச் சொல்லியிருந்தார்கள்.

இனி சொல்வதை நான் பார்க்கவில்லை. அன்று வார்டில் இருந்த ஸ்டெல்லா சிஸ்டர் சொன்னது. சின்ன வயசு நர்ஸ். மூன்று நாளாக வீட்டுக்குப் போகவில்லை. அந்த பாட்டில்களைக் கடைசியாகத்தான் எடுக்க வேண்டும் என்று மட்டும் அவருக்குத் தெரியும். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. முக்கியமானவர்களுக்காக எடுத்து வைத்தது என்று அவரும் நினைத்துக்கொண்டிருந்தார்.

தீர்த்தகிரி அலமாரியைப் பார்த்துக்கொண்டே வந்து கேட்டாராம். "ஏனுங்க சிஸ்டர், மேல வெச்சிருக்கற மஞ்ச பாட்டிலு யாருக்குங்க?"

"அது வேறங்க. கடைசிக்கு."

"கடைசிக்குன்னா? பெரிய வூட்டு ஆளுங்க வந்தா போடறதுக்குங்களா? கயிறெல்லாம் கட்டி வெச்சிருக்கீங்க. மலைக்காரங்கன்னா வெறுந்தண்ணி போதும்ங்களா?"

ஸ்டெல்லா வெள்ளை பாட்டிலைக் கையில் எடுத்திருக்கிறார். தீர்த்தகிரி குரலை உயர்த்தவில்லையாம். கையைக் கூப்பிவிட்டாராம். "புள்ளையப் பெத்துட்டு எந்திரிக்க மாட்டாம கெடக்கறா சிஸ்டர். ஒண்ணே ஒண்ணு. எங்களுக்கும் ஒண்ணு போட்டு வுடுங்க."

சுற்றிலும் இருந்தவர்கள், போடுங்க சிஸ்டர், பாவம், என்றார்களாம். மலைக்காரர் என்றால் இளப்பமா என்று கேட்ட கேள்வி ஸ்டெல்லாவைச் சுட்டுவிட்டது. ஏனென்றால் வேறு இடங்களில் அது உண்மை. எங்கள் ஆஸ்பத்திரியில் அப்படி இல்லை என்று காட்ட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. ஸ்டூல் போட்டு ஏறி, சிவப்பு நூல் கட்டிய பாட்டிலை எடுத்தார். தீர்த்தகிரி கண்ணில் ஒற்றிக்கொண்டாராம்.

நான் போனபோது பாட்டிலில் கொஞ்சம்தான் இறங்கியிருந்தது. காலி பாட்டில் எடுக்கத் தள்ளுவண்டியோடு வார்டுக்குள் நுழைந்தவள், ஒரு கட்டில் கடகடவென்று தரையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டு நின்றேன். பொன்னிக்குக் குளிர் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. பல் அடித்துக்கொண்டது. இரண்டு பேர் கம்பளியைப் போட்டு அமுக்கியும் நிற்கவில்லை. டாக்டரம்மா ஓடி வந்து குழாயைப் பிடுங்கினார். குளிர் நின்றதும் உடம்பு கொதித்தது. பிறகு நாடி இறங்க ஆரம்பித்தது. தெரிந்ததையெல்லாம் செய்தார்கள். பொழுது சாய்வதற்குள் பொன்னி இறந்துபோனாள். பக்கத்துக் கட்டிலில் யாரோ அவள் குழந்தையை மடியில் வைத்து ஆட்டிக்கொண்டிருந்தார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சார் வந்தார். கம்பியிலிருந்து பாட்டிலைக் கழற்றி சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மஞ்சளாக, துளி கலங்கல் இல்லாமல், அவ்வளவு தெளிவாக இருந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மேல் தட்டில் இருந்த மற்ற பாட்டில்களை எடுத்துக்கொண்டு குழிக்குப் போனார். கொஞ்சத்தை மட்டும் பரிசோதனைக்கு அனுப்பி வைத்தார். வந்த முடிவை அவர் முன்பே எங்களிடம் சொல்லிவிட்டார். "அரைச் சூட்டுல கெடந்தப்போ உள்ள கிருமி பெருகியிருக்கு. கண்ணுக்குத் தெரியற அளவுக்கு இல்ல. ரெண்டாவது வேக்காட்டுல கிருமி செத்துடுச்சு. அதோட விஷம் சாகல. அது இந்தச் சூட்டுக்குச் சாகாதுங்க."

மஞ்சள் நிறம் பொன்னியைக் கொல்லவில்லை. இரண்டு முறை வெந்தது என்று அந்த நிறம் சொல்லிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். சர்க்கரை தன் பங்குக்கு உண்மையைச் சொல்லியிருக்கிறது. அதைத்தான் வார்டில் சத்து என்று நினைத்துவிட்டார்கள்.

பிரசவ ஜன்னி என்று சொல்லி உடலைக் கொடுத்தார்கள். கொடுக்கும்போது இன்னும் எதுவும் உறுதியாகத் தெரியவில்லை என்பது உண்மைதான். தெரிந்த பிறகும் அப்படியே இருக்கட்டும் என்று மதர் நினைத்தார். "சொன்னா அவ திரும்பி வருவாளா? ஆஸ்பத்திரிக்கு மலைச் சனம் வராமப் போயிடும். அதுல எத்தனை பேர் சாவாங்க?" என்றார். அதிலும் நியாயம் இருந்தது. சார் கேட்கவில்லை. "தீர்த்தகிரிகிட்ட சொல்லாம என்னால அந்த அடுப்புக் கதவைத் திறக்க முடியாது மதர்" என்றார். தனியாகப் போகத் தயங்கி, என்னையும் கூட வரச் சொன்னார்.

அரூரில் பஸ் ஏறி சித்தேரியில் இறங்கி, அங்கிருந்து நடந்தோம். சாருக்கு அடி வாங்கத் தயாராகப் போகிற முகம். வாங்கினால் நல்லது என்றுகூட நினைத்திருப்பார் போல.

தீர்த்தகிரி எங்களைக் கண்டதும் ஓடி வந்து வரவேற்றார். ஆஸ்பத்திரியிலிருந்து இவ்வளவு தூரம் துக்கம் விசாரிக்க வந்திருக்கிறார்கள் என்று அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுச் சொன்னார். குழந்தை அவருடைய அக்கா மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. உள்ளே போய் ஒரு துணி மூட்டையை எடுத்து வந்து எனக்கு முன்னால் வைத்தார்.

"சாமைங்க. புதுசு. அந்தச் சின்ன சிஸ்டருக்குக் குடுத்துருங்க. நான் சண்டைக்காரனாட்டம் பேசிட்டேன். அவங்க மனசுல வெச்சுக்காம ஒசந்த பாட்டில எடுத்துப் போட்டாங்க. அவ ஆயுசு அவ்ளோதான். நாங்க செய்யறத செஞ்சுட்டோமுங்க, அந்த ஆறுதல் ஒண்ணு இருக்குது."

அந்த இடத்தில் நான் சாரின் முழங்கையைத் தொட்டேன். வேண்டாம் சார், விட்டுவிடுங்கள், போய்விடலாம் என்ற அர்த்தத்தில். அவர் புரிந்துகொண்டார். ஆனாலும் சொன்னார். பாய்லர் உடைந்தது, இரண்டு முறை வேகவைத்தது, நூல் கட்டியது எதற்கு என்பது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல், தரையில் உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார். "தப்பு என்னோடதுங்க. நான்தான் ஏத்தச் சொன்னேன்" என்று முடித்தார்.

தீர்த்தகிரி அடிக்கவில்லை. கத்தவும் இல்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்ப நான் கேக்காம இருந்திருந்தா, வெள்ளதானுங்களே போட்டிருப்பாங்க?"

சார் பேசாமல் இருந்தார். பொய் சொல்லத் தெரியாதவர். அந்த ஒரு தடவை சொல்லியிருக்கலாம். இல்லீங்க, எப்படியும் அதைத்தான் போட்டிருப்பார்கள் என்று நாலு வார்த்தை. நானாவது முந்திக்கொண்டு சொல்லிவிட வாய் எடுத்தேன். அதற்குள் தீர்த்தகிரி தலையை ஆட்டிக்கொண்டார். தெரிந்துகொண்டுவிட்டார்.

"இத யாருகிட்டயும் சொல்லாதீங்க" என்றார். "இந்தப் புள்ளைக்குத் தெரிய வேணாம்."

ஞானப்பிரகாசம் சார் மாதிரி நேர்மையான மனிதரை நான் இன்னொருவரைப் பார்த்ததில்லை. அன்று மலையிலிருந்து இறங்கும்போது அவர்மேல் எனக்கு வந்த கோபம் இன்றுவரை முழுதாகப் போகவும் இல்லை. தன் பாரத்தை இறக்கி வைக்கப் போனார். இறக்கி வைத்த இடம் அந்த மனிதரின் தலை. சொல்லாமல் இருந்திருக்க வேண்டும் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன், எனக்கு விளங்கவில்லை.

மஞ்சள் மருந்தைச் சொந்தக்காரர் கண் முன்னால்தான் கலக்க வேண்டும் என்ற சட்டம், பின்னால் எங்கள் ஆஸ்பத்திரியிலும் வைட்டமின் ஏற்ற ஆரம்பித்தபோது சார் போட்டது. நூல்கண்டு அந்த அறையில் அப்புறம் இருக்கவே இல்லை. வேண்டாத பாட்டில் அன்றைக்கே குழிக்குப் போய்விடும். ஸ்டெல்லா நர்ஸ் வேலையை விட்டுவிட்டுத் தன் ஊர்ப்பக்கம் போய்விட்டார். சில வருஷத்தில் பிளாஸ்டிக் பாட்டில்கள் கம்பெனியிலிருந்து வர ஆரம்பித்து எங்கள் அறையை மூடினார்கள். சார் கதவைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். இப்போது அவரும் இல்லை.

நர்சிங் பிள்ளைகளிடம் பேசப் போன அன்று, பேச்சுக்கு முன்னால் வார்டுக்கும் போனேன். பழக்கதோஷம், தொங்கும் பாட்டில்களைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். பிரசவக் கட்டில் ஒன்றின் ஓரத்தில் நரைத்த தலையோடு ஒருவர் நின்று, மாட்டியிருந்த பாட்டிலை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். முன்பக்கம் பார்த்தார், கட்டிலைச் சுற்றிப் பின்பக்கம் போய் சன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். என் வேலையைச் செய்கிறாரே, யார் இது என்று கிட்டே போனேன். தீர்த்தகிரி.

என்னை அடையாளம் கண்டுகொண்டார். கையைக் கூப்பினார். கட்டிலில் அவர் மகள் ரேவதி. முதல் பிரசவம், ஆண் குழந்தை. நான் அந்தக் காலத்தில் இங்கே குளுக்கோஸ் செய்தவள் என்று தெரிந்ததும் அவளுக்கு ஒரே உற்சாகம்.

"எங்கம்மாவையும் இங்கதானுங்க சேர்த்திருந்தாங்க. மலைக்காரங்கன்னு வெள்ள பாட்டில் போடப் பார்த்தாங்களாம். எங்கப்பா சண்ட போட்டு, பணக்காரங்களுக்கு வெச்சிருந்த மஞ்ச பாட்டில எடுக்க வெச்சுப் போட்டாராம். எங்கூர்ல இன்னிக்கும் சொல்லுவாங்க, பொண்டாட்டிய அப்படிப் பாத்துக்கிட்டவன்னு."

தீர்த்தகிரி பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊர் இந்தக் கதையை இத்தனை வருஷமாக அவர் முன்னால் சொல்லிக்கொண்டிருக்கிறது. அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அப்போது நர்ஸ் ஒரு வெள்ளை பாட்டிலும் மருந்துமாக வந்தாள். அடுத்த கட்டில் பெண்ணுக்கு வைட்டமின் எழுதியிருந்தார்கள். சட்டப்படி வெளிச்சத்தில் காட்டி, அவள் மாமியார் தலையாட்டியதும், கலந்தாள். பாட்டில் மஞ்சளானது. ரேவதி அதைப் பார்த்துவிட்டு, "அப்பா, எனக்கும் அது போடச் சொல்லுப்பா. உடம்பெல்லாம் அசதியா இருக்குது" என்றாள்.

அவர் முகம் போன போக்கைக் கண்டு நான் கிட்டே போய்த் தாழ்ந்த குரலில், "இது வேறங்க. இது மருந்தோட நிறம். இப்ப எல்லாம் பயமில்ல. டாக்டர்கிட்ட நான் கேக்கறேன்" என்றேன்.

"தெரியுமுங்க" என்றார். நிஜமாகவே அவருக்குத் தெரிந்திருந்தது. பிறகு மகளிடம் திரும்பி, "வேணாங் கண்ணு. உனக்கு வெள்ளையே போதும்" என்றார்.

ரேவதி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. "அம்மாவுக்குன்னா சண்ட போட்டு வாங்கிப் போட்ட. எனக்குன்னா மட்டும் வெறுந்தண்ணி போதுமாப்பா?" என்று கேட்டுவிட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நான் தீர்த்தகிரியைப் பார்த்தேன். மகளின் கையில் ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்திரி விலகியிருந்ததைக் குனிந்து சரியாக ஒட்டிக்கொண்டிருந்தார்.